‘லாம்’ என்பதும் ‘கடவது’ என்பதும்

இங்கிலீஷ் பாஷையிலே ‘மே’ என்றும் ‘ஷால்’ என்றும் இரண்டு சிறிய சொற்கள் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆரம்ப வகுப்புகளிலேயே இவற்றைக் கற்று, கற்ற அன்றே மறந்தும் விடுகிறார்கள். ஆனால் சட்டப் புஸ்தகத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவே இவ்விரண்டில் எது அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கோடிக்கணக்கான ஜனங்களின் உரிமை நிற்கிறது அல்லது விழுகிறது. ஒரு சொல்லைப் பற்றிப் பத்திரிகையின் இப்பக்கத்தில் எழுதுவானேன் என்று கேட்பவர்கள், நம் மாகாணத்தின் சென்ற அறுபது வருஷத்துச் சரித்திரத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்களாக.

முதலில் சொற்களின் பிறப்பை அறிவோம். ‘ஷால்’ என்னும் சொல் பழைய இங்கிலீஷில் ‘கடன்பட்டிருக்கிறேன்’ என்னும் பொருளுடையதாய் இருந்தது. ‘மே’ என்னும் சொல்லோ ‘எனக்கு வல்லமை உண்டு’ என்னும் பொருளில் பிறந்தது. தமிழிலும் இந்தப் பேதம் அப்படியே இருப்பது வியப்புக்குரியது. நம் பழைய சட்ட மொழிபெயர்ப்புகளில் ‘ஷால்’ என்பதைக் ‘கடவது’ என்று எழுதினார்கள். கடன், கடமை, கடப்பாடு என்னும் சொற்களுக்கும் அதற்கும் வேர் ஒன்றே. ‘மே’ என்பதைச் ‘செய்யலாம்’ என்று எழுதினார்கள். செய்தல் ஆகும், அதாவது செய்ய இயலும் என்பதே அதன் பொருள். ஆகவே ஒன்று கடனைச் சொல்லும் சொல். மற்றொன்று அதிகாரத்தைச் சொல்லும் சொல். கடன் கொடுத்தவன் எந்தச் சொல்லை வேண்டுவான், அதிகாரம் படைத்தவன் எந்தச் சொல்லை விரும்புவான் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

அந்நிய ஆட்சியில் இந்தப் பாடத்தை நம் முன்னோர் நன்றாகவே கற்றனர். 1833-ம் வருஷத்துச் சாஸனச் சட்டம், மதம், பிறப்பிடம், வம்சம், நிறம் ஆகியவற்றின் காரணமாக மட்டும் எந்த இந்தியனும் கம்பெனி உத்தியோகத்திலிருந்து விலக்கப்படலாகாது என்று ‘ஷால்’ சேர்த்தே விதித்தது. ஆயினும் சிவில் சர்வீஸ் பரீக்ஷையில் முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூர் தேறியது 1863-ல். முப்பது வருஷம் அந்தக் ‘கடவது’ கடனாகவே நின்றது. 1858-ல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் அதே வாக்குறுதியை மறுபடி அளித்தது. ஆனால் அதற்குள் ‘கூடியவரையில்’ என்று பொருள்படும் சில சொற்களைச் செருகி வைத்தார்கள். அதிலேயும் ‘மே’ என்னும் சொல் இருந்தது. கூடியவரை என்பது எதுவரை என்று தீர்மானிப்பவர் யார்? கொடுக்க வேண்டியவரே. இருபது வருஷத்துக்குப் பின் ராஜப்பிரதிநிதியாயிருந்த லிட்டன் பிரபு, இந்தியரின் இவ்வெதிர்பார்ப்பு நிறைவேறப் போவதில்லை என்றும், அவர்களைத் தடுப்பது, ஏமாற்றுவது என்னும் இரண்டில் ஏமாற்றுவதையே தேர்ந்துகொண்டதாகவும் அந்தரங்கக் குறிப்பில் ஒப்புக்கொண்டார்.

நிற்க. சுயராஜ்யம் வந்த பின் என்ன நடந்தது?

அரசியல் நிர்ணய சபை 1949-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி பாஷை சம்பந்தமான ஷரத்துக்களை ஏற்றது. கே. எம். முன்ஷியும் கோபாலஸ்வாமி ஐயங்காரும் வகுத்த சமரசம் அது. ஹிந்தி ஆட்சி பாஷை. ஆனால் பதினைந்து வருஷம் ஆங்கிலமும் தொடர்ந்து வழங்கக் கடவது. இங்கே ‘ஷால்’ இருந்தது. அப்பதினைந்து வருஷத்துக்குப் பின் ஆங்கிலத்தின் உபயோகத்துக்குப் பார்லிமெண்ட் சட்டம் செய்யலாம். இங்கே ‘மே’ இருந்தது. ஆக, 1965-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதியோடு கடன் முடிந்து, அதிகாரம் தொடங்குவதாயிற்று.

1959-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பிரதம மந்திரி நேரு, ஹிந்தி பேசாத ஜனங்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் நீடிக்கும் என்று லோகசபையில் உறுதி கூறினார். அவ்வுறுதிக்குச் சட்ட உருவம் கொடுப்பதற்காகவே 1963-ல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அதன் மூன்றாவது பிரிவைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஹிந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து உபயோகிக்கப்படலாம் என்று அதில் கண்டிருந்தது. ‘ஷால்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘மே’ இருந்தது. இவ்விடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷால்’ என்றே பொருள் என்று நேரு விளக்கினார். பொருள் அதுவானால் சொல்லும் அதுவாக இருப்பதில் என்ன தடை என்று எதிர்க்கட்சியார் கேட்டனர். மாநிலங்கள் அவையில் அப்போது அங்கத்தினராயிருந்த அண்ணாதுரை இக்கேள்வியையே தம் வாதத்தின் மையமாக வைத்தார். செய்யலாம் என்பதற்குள் செய்யாமலும் இருக்கலாம் என்பது அடங்கியிருக்கிறது என்பதே அவ்வாதத்தின் சாரம். சொல் மாறவில்லை, சட்டம் நிறைவேறியது.

நேருவின் நாணயத்தை நாம் சந்தேகிக்கவில்லை. அவர் சொன்னதை அவர் மனப்பூர்வமாகவே சொன்னார் என்று கொள்வோம். ஆனால் 1964-ம் வருஷம் மே 27-ந் தேதி அவர் காலமானார். சட்டம் நிறைவேறி ஒரு வருஷம் கழிந்த சில நாட்களிலேயே, அதன் ‘மே’ என்பதை ‘ஷால்’ என்று படிப்பதற்குப் பொறுப்பேற்றிருந்த மனிதர் மறைந்துவிட்டார். எஞ்சியது ஏட்டில் எழுதியிருந்த சொல் மட்டுமே. ஒரு பெரியவரின் வாய்ச்சொல் அவருடைய ஆயுளளவு வாழும். சட்டத்தின் சொல் சட்டத்தின் ஆயுளளவு வாழும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே அன்று பலர் செய்த பிழை.

அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு கொந்தளித்தது. மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. இளைஞர்கள் தங்கள் உடலுக்குத் தாங்களே தீயிட்டு மாண்டார்கள். மத்திய மந்திரிகளான சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பிப்ரவரியில் ராஜீனாமாக் கடிதம் கொடுத்தனர். பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ரேடியோவில் பேசி, நேருவின் உறுதிமொழியைத் தாமும் காப்பதாக அறிவித்தார். பின்னர் 1967-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் வந்தது. இதில் ஒரு நுட்பத்தை நம் ஊழியர்களிற் பலர் கவனிப்பதில்லை. மூன்றாவது பிரிவின் முதல் வாக்கியத்தில் பழைய ‘மே’ அப்படியே நிற்கிறது. ஆனால் அதன் கீழ், ஹிந்தியை ஆட்சி பாஷையாக ஏற்காத ராஜ்யத்தோடு மத்திய சர்க்கார் நடத்தும் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலம் உபயோகிக்கப்படக் கடவது என்று ‘ஷால்’ நுழைந்தது. அவ்வாறு ஏற்காத ராஜ்யங்கள் எல்லாவற்றின் சட்டசபைகளும் தீர்மானம் செய்து, அதன்பின் பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானித்தாலன்றி இந்த ஏற்பாடு நீங்காது என்று பூட்டும் போடப்பட்டது. 1976-ம் வருஷத்து ஆட்சிமொழி விதிகளோ, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதுக்கும் பொருந்தக் கடவன என்று தொடங்குகின்றன. ஒரு ‘மே’ என்னும் சொல்லை ‘ஷால்’ ஆக்குவதற்கு எத்தனை உயிர் விலையாயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவும் பழங்கதை என்பவர் ஹைக்கோர்ட்டு வாசலுக்குச் சென்று பார்க்கட்டும். அரசியல் சட்டத்தின் 348-வது ஷரத்து, ஹைக்கோர்ட்டு நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டுமென்று கூறி, அதன் இரண்டாவது உட்பிரிவில், ஜனாதிபதியின் முன்சம்மதத்துடன் கவர்னர் ஹிந்தியையோ ராஜ்யத்தின் ஆட்சி பாஷையையோ அனுமதிக்கலாம் என்கிறது. இந்தச் சலுகை ராஜஸ்தானத்துக்கு 1950-லும், உத்தரப் பிரதேசத்துக்கு 1969-லும், மத்தியப் பிரதேசத்துக்கு 1971-லும், பீகாருக்கு 1972-லும் கிடைத்தது. சென்னை ஹைக்கோர்ட்டில் தமிழ் வழங்க வேண்டுமென்று நம் சட்டசபை 2006-ல் தீர்மானித்தது. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு இசையவில்லை. ஷரத்து ஒன்றே, சொல்லும் ஒன்றே. ஆனால் அது ஒருவருக்குக் கதவாயிற்று, மற்றவருக்குச் சுவராயிற்று. தம் வழக்கு எப்படி வாதிக்கப்படுகிறது என்பதைக் கட்சிக்காரன் தன் தாய்மொழியிலே கேட்டறிய முடியாமல் நிற்கிறான். ‘மே’ என்னும் சொல்லின் இயல்பு இதுதான். அது அநீதி செய்யாது. அநீதி செய்ய விரும்புகிறவனைத் தடுக்கவும் செய்யாது.

அப்படியாயின் எல்லா இடத்திலும் ‘ஷால்’ என்று எழுதிவிட்டால் துன்பம் தீர்ந்ததா? இல்லை. கோர்ட்டுகள் இவ்விரு சொற்களையும் ஒன்றை ஒன்றாக மாற்றிப் படிக்கும் வழக்கம் நெடுங்காலத்தது. 1880-ம் வருஷம் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஆக்ஸ்போர்டு பிஷப்பின் வழக்கில், அதிகாரம் அளிக்கும் சொல் சொல்லளவில் அதிகாரத்தையே குறிக்கும் என்றும், ஆனால் அது யாருடைய நன்மைக்காக அளிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அதனோடு கடமையும் சேரக்கூடும் என்றும் விளக்கியது. இதன்படி ‘மே’ சில சமயம் ‘ஷால்’ ஆகும். மறுபுறம், சர்க்கார் ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கையில் பப்ளிக் சர்வீஸ் கமிஷனைக் கலந்துகொள்ளக் கடவது என்னும் 320-வது ஷரத்தை, அது கட்டாயம் அன்று, வழிகாட்டலே என்று நம் சுப்ரீம் கோர்ட்டு 1957-ல் தீர்ப்பளித்தது. இங்கே ‘ஷால்’ ‘மே’ ஆயிற்று. 2013-லோ, குற்றத் தகவல் கிடைத்தால் போலீஸார் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும், அவ்விடத்தில் ‘ஷால்’ என்பது ‘ஷால்’ தான் என்று ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். ஆகவே சொல் மட்டும் காவல் அன்று. சொல்லுக்குப் பின்னால் நிற்பதும் வேண்டும்.

கவர்னர் வழக்கு இதை வெட்டவெளிச்சமாக்கிவிட்டது. 200-வது ஷரத்தில் ‘ஷால்’ இருக்கிறது. மசோதா தம்மிடம் வந்ததும் கவர்னர், சம்மதிக்கிறேன் என்றோ, சம்மதத்தை நிறுத்தி வைக்கிறேன் என்றோ, ஜனாதிபதிக்கு அனுப்புகிறேன் என்றோ அறிவிக்கக் கடவர். திருப்பியனுப்பினால் ‘இயன்றவளவு விரைவில்’ அனுப்ப வேண்டும். சபை மறுபடி நிறைவேற்றினால் சம்மதத்தை நிறுத்தலாகாது. ஆனால் எத்தனை நாளில் என்று எழுதவில்லை. இது தற்செயல் அன்று. ஜனாதிபதி மசோதாவைத் திருப்பியனுப்புவதற்கு நகல் சட்டத்தில் ஆறு வாரக் கெடு இருந்தது. 1949-ல் டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் அது நீங்கி ‘இயன்றவளவு விரைவில்’ என்பது வந்தது. ஆறு வாரம் என்பதைவிட அது இன்னும் விரைவைக் குறிக்கும் என்று அன்று நம்பினார்கள். கவர்னரைப் பற்றிய நகலில் ‘தம் சுயேச்சைப்படி’ என்றிருந்த சொற்களையும் அவ்வருஷமே நீக்கினார்கள். கண்ணியத்தை நம்பிக் கெடுவை விட்டார்கள்.

பலன் என்ன? நம் சட்டசபை 2020 முதல் நிறைவேற்றிய பத்து மசோதாக்களுக்குச் சம்மதத்தை நிறுத்தியிருப்பதாக அப்போதைய கவர்னர் 2023 நவம்பர் 13-ல் அறிவித்தார். அதற்குச் சில நாள் முன்னர்த்தான் ராஜ்ய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டை அணுகியிருந்தது. பஞ்சாப் வழக்கிலும், மசோதாவைக் காலவரையறையின்றி வைத்திருக்க முடியாது என்று அதே மாதம் 10-ந் தேதி அக்கோர்ட்டு கூறியிருந்தது. சபை 18-ந் தேதி அம்மசோதாக்களை மறுபடி நிறைவேற்றியது. 28-ந் தேதி அவை ஜனாதிபதிக்கு அனுப்பப்பட்டன. 2025 ஏப்ரல் 8-ல் இரு நீதிபதிகள் அச்செய்கை சட்டவிரோதம் என்று கூறி, ஒரு மாதம், மூன்று மாதம் என்று கெடுக்களையும் விதித்து, அப்பத்து மசோதாக்களும் சம்மதம் பெற்றனவாகவே கருதப்படும் என்று தீர்த்தனர். மே மாதத்தில் ஜனாதிபதி பதினான்கு கேள்விகளை அனுப்பிச் சுப்ரீம் கோர்ட்டின் அபிப்பிராயத்தைக் கோரினார். நவம்பர் 20-ல் ஐந்து நீதிபதிகள், அரசியல் சட்டத்தில் இல்லாத கெடுவைக் கோர்ட்டு விதிக்க முடியாது, சம்மதம் பெற்றதாகக் கருதும் கொள்கையும் சட்டத்துக்குப் புறம்பானது என்றனர். ஆயினும் திருப்பியனுப்பாமல் மசோதாவைச் சும்மா நிறுத்தி வைக்கக் கவர்னருக்கு உரிமையில்லை என்றும், காரணமின்றி நீண்ட காலம் வாளாவிருந்தால், கடமையைச் செய்யுமாறு கோர்ட்டு வரம்புடன் உத்தரவிடலாம் என்றும் சேர்த்துக்கொண்டனர்.

இவ்வபிப்பிராயத்தைச் சிலர் முழுத் தோல்வி என்கிறார்கள். சிலர் முழு வெற்றி என்கிறார்கள். நாம் இரண்டும் சொல்லோம். எழுதாத கெடுவை நீதிபதிகள் எழுதலாமா என்னும் வினா அற்பமானதன்று. இன்று நமக்கு அனுகூலமாக எழுதும் கை நாளை பிரதிகூலமாகவும் எழுதும். ஆனால் விளைந்த நிலைமை இது: கடன் உண்டு, தவணை இல்லை. தவணையில்லாத கடனை வசூலிக்கப் புறப்பட்டவன் ஒவ்வொரு தடவையும் கோர்ட்டுப் படியேற வேண்டும். எனவே பரிகாரம் கோர்ட்டில் இல்லை. அரசியல் சட்டத்தைத் திருத்தி நாட்களை எண்ணிட்டு எழுதுவதில் இருக்கிறது. அதற்குப் பார்லிமெண்டில் பெரும்பான்மை திரட்டுவதே அரசியல் ஊழியரின் வேலை.

தேசங்களும் இச்சொற்களுக்காகவே போராடுகின்றன. 2015-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி பாரிஸ் நகரில், பருவநிலை ஒப்பந்தம் கையில் வந்த கடைசி வேளையில், செல்வ நாடுகள் முன்னின்று புகைக் கழிவைக் குறைக்கக் கடவன என்று ‘ஷால்’ இருப்பதை அமெரிக்கா கண்டு, அதை ஏற்க மறுத்தது. ‘தக்கது’ என்னும் பொருளுடைய ‘ஷுட்’ என்பது அவ்விடத்தில் வைக்கப்பட்டு, அச்சுப் பிழைத் திருத்தம் போல வாசிக்கப்பட்டது. அதன் பின்னரே ஒப்பந்தம் நிறைவேறியது. ஏழை நாடுகளுக்குச் சேர வேண்டிய கடன் அந்த ஒரு சொல்லில் உபதேசமாக மாறிற்று.

இனி நம் கையையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். டில்லியின் ‘மே’ என்பதைக் கண்டிக்கும் ராஜ்ய சர்க்கார்கள் தங்கள் கீழுள்ள கிராமங்களுக்கு என்ன கொடுத்திருக்கின்றன? 1992-ம் வருஷத்து 73-வது திருத்தத்தில், ஸ்திரீகளுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஸ்தானங்கள் ஒதுக்கப்படக் கடவன என்றும், பஞ்சாயத்தின் ஐந்து வருஷ ஆயுள் முடியுமுன் தேர்தல் முடிவடையக் கடவது என்றும் ‘ஷால்’ இருக்கிறது. ஆனால் பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் கொடுக்கும் 243-ஜி ஷரத்தில், சட்டசபை அதிகாரம் அளிக்கலாம் என்று ‘மே’ இருக்கிறது. ஸ்தானங்கள் வந்தன, அதிகாரம் ராஜ்யத் தலைநகரங்களிலேயே பெரும்பாலும் தங்கிற்று. ‘ஷால்’ இருந்த இடத்திலும் நாம் தவறியிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் ஆயுள் முடிந்த கிராம ஸ்தாபனங்களுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 ஜில்லாக்களில் மட்டும், தேர்தல் நடந்தது; மீதி ஒன்பது ஜில்லாக்களுக்கு 2021 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. மேலே இருப்பவனிடம் ‘கடவது’ கேட்பவன் கீழே இருப்பவனுக்கு ‘லாம்’ கொடுப்பது நியாயமாகாது.

‘மே’ என்னும் சொல்லே கூடாதென்று நாம் சொல்லவில்லை. மன்னிப்பு அளிப்பதும், எதிர்பாராத ஆபத்தில் முடிவெடுப்பதும் விவேகத்துக்கு விட வேண்டியவை. அங்கே கட்டாயம் புகுந்தால் கருணையும் சமயோசிதமும் போய்விடும். ஆனால் ஜனங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கும் இடத்தில் விவேகத்துக்கு வேலையில்லை.

கடன் என்பது எப்படி எழுதப்பட வேண்டும் என்பதற்கு நம் தேசத்திலேயே நல்ல மாதிரி உண்டு. 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்ட தகவலை முப்பது நாளில் கொடுக்கக் கடவது என்கிறது. கொடாது வாளாவிருந்தால் மறுத்ததாகவே கருதி அப்பீல் செய்ய வழி விடுகிறது. நியாயமான காரணமின்றித் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாயாக, 25,000 ரூபாய் வரையில் அபராதம் விதிக்கிறது. அச்சட்டம் நடக்கும் விதத்தில் குறைகள் பல உண்டு. ஆயினும் கெடு, மேல்முறையீடு, தண்டனை என்னும் மூன்றும் அதன் ‘ஷால்’ என்பதோடு சேர்ந்து நிற்பதனாலேயே சாதாரணக் குடிமகன் ஒரு காகிதத்தைக் கையில் கொண்டு அதிகாரியின் மேஜைமுன் தைரியமாக நிற்கிறான்.

ஆகையால் நம் ஊழியர்களுக்கு நாம் கூறுவது இது. எந்த மசோதா வந்தாலும் அதன் முகவுரையிலுள்ள அலங்காரங்களைக் கண்டு மயங்க வேண்டாம். மந்திரியின் பிரசங்கத்தைக் கொண்டும் திருப்தியடைய வேண்டாம். வினைச்சொல்லைத் தேடுங்கள். அது ‘லாம்’ என்று முடிகிறதா, ‘கடவது’ என்று முடிகிறதா? ‘கடவது’ ஆனால், யார் செய்யக் கடவர், எத்தனை நாளில், செய்யாவிடில் என்ன? இவற்றுக்கு விடை இல்லையேல் திருத்தம் கேளுங்கள். பொருள் அதுதானே, சொல்லில் என்ன இருக்கிறது என்று அதிகாரத்திலுள்ளோர் சமாதானம் கூறுவர். பொருள் அதுவானால் சொல்லையும் அவ்வாறே எழுதித் தருக என்று பதில் சொல்லுங்கள். 1963-ல் கேட்கப்பட்ட கேள்வி அதுவே. அன்று அதற்கு ஒரு பேனாக் கோடு போதுமாயிருந்தது. அது மறுக்கப்பட்டதனால் பின்னர் உயிர்களைக் கொடுத்து வாங்க நேர்ந்தது. இரண்டாம் முறை அவ்விலை கொடுக்கும்படி எந்தத் தலைமுறையையும் நாம் விட்டுவிடலாகாது.